நாணயம் நாடிய வேந்தன்

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இருபொருள் உண்டு. அரசு அச்சிட்டு வழங்கும் காசும் நாணயம்; சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். இவ்விரு பொருளும் ஒரே சொல்லில் அமைந்திருப்பது மிகவும் பொருத்தமே. காசின்மீது பொறிக்கப்படும் முத்திரை, அரசு தன் குடிமக்களுக்குக் கொடுக்கும் வாக்குறுதியாகும். இதில் இத்துணை வெள்ளி உண்டு, இதனை நம்பி வாங்கலாம் என்று அம்முத்திரை உறுதி கூறுகிறது. அவ்வுறுதி பொய்த்தால் காசு மட்டுமன்று, அரசும் மதிப்பிழக்கும். இவ்வாறு பொய்த்துப்போன வாக்கை மீண்டும் மெய்யாக்க முயன்றான் ஒரு பேரரசன். அவனே கி.பி. 284 முதல் 305 வரை உரோமப் பேரரசை ஆண்ட டயோக்ளீஷியன். அவன் வென்றதும் உண்டு, தோற்றதும் உண்டு. இரண்டும் நாம் அறியத்தக்கவை.

வெள்ளி தேய்ந்த வரலாறு

உரோமரின் பழைய வெள்ளிக் காசுக்குத் தினாரியஸ் என்பது பெயர். அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய பேரரசர்களின் காலத்தில் அது பெரும்பாலும் கலப்பற்ற வெள்ளியாகவே இருந்தது. அதனால் அக்காசு உரோம நாட்டு எல்லையைக் கடந்தும் மதிப்புப் பெற்றது. மிளகும் மணிக்கற்களும் வாங்குவதற்கு யவன வணிகர் கொண்டுவந்த அக்காசுகள், நம் கொங்கு நாட்டு மண்ணிலிருந்தும் குவியல் குவியலாகக் கிடைத்துள்ளன. அவற்றுள் மிகுதியானவை அவ்விரு பேரரசர்களின் உருவம் தாங்கியவையே. தொலைநாட்டு வணிகன் அரசனின் ஆணைக்கு அஞ்சுபவன் அல்லன். அவன் வெள்ளியின் தூய்மையையே நோக்குவான். பிற்காலத்துக் காசுகள் இந்நாட்டில் அருகிக் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கி.பி. 64-ஆம் ஆண்டளவில் நீரோ மன்னன் அக்காசின் எடையைக் குறைத்தான். ஒரு பவுண்டு வெள்ளியில் 84 காசுகள் அடித்துவந்த நிலை மாறி, 96 காசுகள் அடிக்கப்பட்டன. செம்பும் சிறிது கலக்கப்பட்டது. சிறிய பொய்தானே என்று அன்று எண்ணியிருக்கக்கூடும். ஆனால் தொடங்கிய பொய் வளராமல் நிற்பதில்லை. படைவீரர்க்கு ஊதியம் உயர்த்த வேண்டும். எல்லையில் போர் நடத்த வேண்டும். கருவூலத்திலோ வெள்ளி போதாது. ஆகவே பின்வந்த மன்னர் பலர் செம்பின் பங்கை மேன்மேலும் கூட்டினர். கி.பி. 215-இல் காரகல்லா என்பவன் கதிர்முடி அணிந்த தன் தலையைப் பொறித்துப் புதிய காசு ஒன்றை வெளியிட்டான். அது இரண்டு தினாரியஸ் மதிப்புடையதாக வழங்கியது என்பர் அறிஞர். அதில் இருந்த வெள்ளியோ ஏறத்தாழ ஒன்றரைக் காசின் அளவே.

கி.பி. 270-ஆம் ஆண்டையொட்டி நிலைமை மிகவும் கெட்டது. வெள்ளிக் காசு என்று வழங்கியதில் நூற்றுக்கு ஐந்து பங்கு வெள்ளியும் இல்லை. செப்புக் காசின்மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சுப் பூசப்பட்டது. பலர் கைபட்டு அப்பூச்சுத் தேய்ந்ததும் உள்ளிருந்த செம்பு பல்லிளித்தது. விலைவாசி ஏறியது, வணிகர் அரசனின் காசை ஐயத்தோடு நோக்கினர்.

நாட்டின் அரசியலும் காசைப் போலவே தேய்ந்திருந்தது. கி.பி. 235 முதல் 284 வரையிலான ஐம்பது ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்டோர் அரியணை ஏறினர். அவர்களுட் பலர் தம் படைவீரராலேயே கொல்லப்பட்டனர். கி.பி. 260-இல் வலேரியன் என்னும் பேரரசன் பாரசீகரிடம் சிறைப்பட்டான். உரோமப் பேரரசு சிதைந்தே போகும் என்று கருதுதற்கு இடம் இருந்தது.

எளிய குடியிற் பிறந்தவன்

டயோக்ளீஷியன் கி.பி. 244-ஆம் ஆண்டளவில் ஏட்ரியாட்டிக் கடற்கரையிலுள்ள டால்மேஷியா நாட்டில் பிறந்தான். அந்நாடு இன்று குரோஷியா எனப்படும் நாட்டின் ஒரு பகுதியாகும். அவனது இளமைப் பெயர் டயோக்ளீஸ். அவன் தந்தை ஓர் எழுத்தர் என்பாரும், செல்வர் ஒருவரிடம் அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர் என்பாரும் உளர். எவ்வாறாயினும் அவனுடைய குடிப்பிறப்பு எளியதே. படையில் சேர்ந்த அவன் தன் அறிவாலும் உழைப்பாலும் படிப்படியாக உயர்ந்து, பேரரசனின் மெய்க்காவற் படைக்குத் தலைவன் ஆனான்.

கி.பி. 283-இல் காரஸ் என்னும் பேரரசன் பாரசீகத்தின்மீது படையெடுத்துச் சென்ற இடத்தில் இறந்தான். அவன் மகன் நியூமேரியன் படையோடு திரும்பினான். வழியில் கண்ணோய் என்று கூறி அவனை மூடிய பல்லக்கில் கொண்டுவந்தனர். சில நாட்களில் பல்லக்கிலிருந்து தீநாற்றம் எழுந்தது. திறந்து பார்த்தபோது அவன் முன்னரே இறந்துபோனது தெரிந்தது. அவனுடைய மாமனும் காவற் படைப் பெருந்தலைவனுமான ஏப்பர் என்பவன்மேல் பழி விழுந்தது.

கி.பி. 284-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 20-ஆம் நாள், நிக்கோமீடியா நகருக்கு வெளியே படைவீரர் அனைவரும் கூடி டயோக்ளீஷியனைப் பேரரசனாகத் தேர்ந்தெடுத்தனர். அவன் வாளை உருவிக் கதிரவனை நோக்கி, மன்னன் சாவில் தனக்குப் பங்கில்லை என்று சூளுரைத்தான். பின்னர் அருகில் நின்ற ஏப்பரைத் தன் கையாலேயே குத்திக் கொன்றான். அது நீதி வழங்கிய செயலா, உண்மை வெளிப்படாமல் ஒரு வாயை அடைத்த செயலா என்று ஐயுறுவாரும் உளர். வரலாறு அதற்கு விடை கூறவில்லை.

மறு ஆண்டு, காரஸின் மற்றொரு மகனான காரினஸ் மார்கஸ் ஆற்றங்கரைப் போரில் தன் வீரராலேயே கொல்லப்பட்டான். வென்றவன் தோற்றவனின் ஆட்களை அழிப்பதே அக்கால வழக்கம். டயோக்ளீஷியனோ காரினஸின் அலுவலர் பலரை அவரவர் பதவியிலேயே இருக்கச் செய்தான். அச்செயல் கண்டு உரோமர் வியந்தனர்.

நால்வர் ஆட்சி

பரந்த பேரரசை ஒருவன் தனியே காத்தல் இயலாது என்பதை டயோக்ளீஷியன் நன்கு உணர்ந்தான். ஆகவே கி.பி. 286-இல் தன் படைத்தோழனாகிய மாக்சிமியனை இணைப் பேரரசனாக்கி, மேற்குப் பகுதியை அவனிடம் ஒப்படைத்தான். கி.பி. 293-இல் கான்ஸ்டான்ஷியஸ், கலேரியஸ் என்னும் இருவரை இளவரசராக்கினான். மூத்தோர் இருவர்க்கும் ஆகஸ்டஸ் என்றும், இளையோர் இருவர்க்கும் சீசர் என்றும் பட்டங்கள் வழங்கின. நால்வரும் எல்லைகளுக்கு அணித்தான நகரங்களில் தங்கிக் காவல் புரிந்தனர். மாகாணங்களைப் பிரித்து ஏறத்தாழ நூறாக்கி, அவற்றைப் பன்னிரு பெரும்பிரிவுகளில் அடக்கினான். கான்ஸ்டான்ஷியஸ் பிரித்தானியாவை மீட்டான். கலேரியஸ் பாரசீக மன்னனை வென்றான். சிதைவுற்ற பேரரசு மீண்டும் ஒன்றாயிற்று.

மீண்டும் பிறந்த வெள்ளிக் காசு

எல்லையைச் சீர்செய்த வேந்தன் அடுத்துக் காசைச் சீர்செய்யக் கருதினான். இதில் வியப்பு ஒன்று உண்டு. பல ஆண்டுகளுக்குப் பின்னர் நல்ல வெள்ளிக் காசை முதலில் அடித்தவன் டயோக்ளீஷியன் அல்லன். பிரித்தானியாவைக் கவர்ந்து தன்னைப் பேரரசன் என்று கூறிக்கொண்ட காராசியஸ் என்னும் கலகத் தலைவனே. படைவீரரின் நம்பிக்கையைப் பெறுதற்கு நல்ல காசே வழி என்பதை அவன் அறிந்திருந்தான்.

கி.பி. 294-ஆம் ஆண்டளவில் டயோக்ளீஷியன் தன் பேரரசு முழுதும் புதிய காசுகளை வெளியிட்டான். அவற்றுள் ஏறத்தாழக் கலப்பற்ற வெள்ளியால் ஆன ஒன்றை இன்று அறிஞர் அர்ஜென்டியஸ் என்பர். வெள்ளியால் ஆனது என்பது அவ்விலத்தீன் சொல்லின் பொருள். ஒரு பவுண்டு வெள்ளியில் 96 காசுகள் என்பது அதன் அளவு. அஃதாவது, நீரோ மன்னன் எந்த எடையில் காசை விட்டுச் சென்றானோ, அதே எடைக்கு இருநூற்று முப்பது ஆண்டுகள் கழித்து இவன் மீண்டு வந்தான். காசு ஒன்றின் எடை மூன்றரைக் கிராமுக்குச் சற்றுக் குறைவு. சில காசுகளின் பின்புறத்தில் வாகை மாலையின் நடுவே 96 என்னும் எண்ணே உரோம எழுத்துகளால் பொறிக்கப்பட்டது. இதனைத் தராசில் இட்டு நிறுத்துப் பார்த்துக்கொள்க என்று அரசே குடிமகனை அழைத்தது போன்றது அது.

இக்காசை இனங்காணும் முறையை அறிதல் இனிமை தருவதாகும். முதற்கண் காசின் தலைப்பக்கத்தை நோக்குதல் வேண்டும். காரகல்லா தொடங்கிவைத்த கதிர்முடிக்கு மாறாக, இதில் அரசன் தலையில் வாகை மாலை விளங்கும். சதுரமான முகம், தடித்த கழுத்து, ஒட்ட வெட்டிய தாடி, அகன்ற கண் ஆகியவை தோன்றும். ஆனால் முகத்தைக் கொண்டு இவன் டயோக்ளீஷியன் என்று முடிவு செய்தல் ஆகாது. நால்வர் முகமும் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருக்கும். நால்வரும் ஒருவரே என்னும் கருத்தை நாட்டில் பரப்புதற்காகவே அவ்வாறு செய்தனர்.

ஆதலால் முகத்தைச் சுற்றியுள்ள எழுத்துகளைப் படித்தல் வேண்டும். அங்கும் ஒரு தடை உண்டு. மேற்கே ஆண்ட மாக்சிமியனும், கிழக்கே இளவரசனாயிருந்த கலேரியஸும் காசுகளில் மாக்சிமியானஸ் என்னும் ஒரே பெயரால் குறிக்கப்பட்டனர். பெயருக்குப் பின்னர் ஆகஸ்டஸ் என்று இருப்பின் மூத்தவன். சீசர் என்று இருப்பின் கலேரியஸ். ஒரு பட்டத்தின் சில எழுத்துகளே இருவரையும் வேறுபடுத்தும். கலேரியஸும் ஆகஸ்டஸ் பட்டம் பெற்ற பின்னர், அவ்வேறுபாட்டைக் காண்டல் கற்றார்க்கும் அரிதாயிற்று.

பின்புறத்தில் கோபுரங்களோடு கூடிய மதில் வாயில் ஒன்று தோன்றும். அதன்முன் நால்வரும் கூடிநின்று முக்காலி வேள்விமேடையில் வழிபாடு செய்வர். வெற்றியையோ வீரரின் ஆற்றலையோ போற்றும் சொற்கள் சுற்றிலும் அமைந்திருக்கும். அடியில் உள்ள கோட்டின் கீழே, காசு அடித்த நகரின் பெயரைக் குறிக்கும் எழுத்தோ எழுத்துகளோ பெரும்பாலும் காணப்படும். உரோம், டிரியர், அந்தியோக்கியா எனப் பத்துக்கும் மேற்பட்ட நகரங்களில் அக்காலத்தில் அக்கசாலைகள் இருந்தன. முகம், எழுத்து, பட்டம், பின்புறக் காட்சி, நகரக் குறி, எடை ஆகிய இவற்றை ஒருங்கே நோக்குபவனே காசை ஐயமின்றி அறிவான். ஒன்றை மட்டும் கண்டு முடிவு செய்பவன் ஏமாறுவான்.

ஆணையால் அடங்காத விலை

தூய வெள்ளிக் காசு வந்தும் விலைவாசி இறங்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. வெள்ளிக் காசு நல்லதாயினும் அளவிற் குறைவு. அன்றாடக் கொள்வினை கொடுப்பினைக்கு அரசு பெருந்தொகையாக அடித்து விட்டவை, மிகச் சிறிதளவே வெள்ளி சேர்ந்த பெரிய செப்புக் காசுகள். அவற்றின் மதிப்பு உலோகத்தைச் சார்ந்ததன்று. அரசின் ஆணையைச் சார்ந்தது. நல்ல காசும் தாழ்ந்த காசும் ஒருங்கே வழங்கும்போது, மக்கள் நல்லதைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவர். தாழ்ந்ததையே கடையில் கொடுப்பர். குரோஷியாவில் உள்ள சிசாக் என்னும் நகரில் அர்ஜென்டியஸ் காசுகள் பெருங்குவியலாகக் கிடைத்துள்ளன. அவற்றைச் சேர்த்து வைத்தவன், என்ன காரணத்தாலோ, திரும்ப வந்து எடுக்கவில்லை.

கி.பி. 301-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாளிலிருந்து வெள்ளிக் காசு ஒன்று 100 தினாரியஸ் மதிப்பு உடையது என்று அரசு விதித்தது. அவ்வாணை பொறித்த கல், துருக்கி நாட்டிலுள்ள அப்ரோடிசியஸ் என்னும் பழைய நகரில் கிடைத்தது. 1971-இல் அதன் செய்தி அறிஞர் உலகிற்கு வெளியாயிற்று. தினாரியஸ் இங்கே கணக்கில் மட்டும் வழங்கிய பெயர் என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும். ஒரு காலத்தில் இதே எடையுள்ள வெள்ளிக் காசு ஒன்றின் பெயராயிருந்த அது, இப்போது அதன் நூறில் ஒரு பங்காகிவிட்டது. முந்தைய மன்னர்கள் கூறிய பொய்களின் மொத்தக் கணக்கு அது.

அவ்வாண்டின் இறுதியில் டயோக்ளீஷியன் மற்றுமோர் ஆணை பிறப்பித்தான். உலக வரலாற்றில் புகழ்பெற்ற விலைவரம்பு ஆணை அதுவே. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களுக்கும் பணிகளுக்கும் உச்ச விலை குறிக்கப்பட்டது. படைவீரன் ஒருவன் தன் ஊதியம் முழுவதையும் ஒரே ஒரு பொருளுக்குக் கொடுத்து இழக்கும் கொடுமையைப் போக்கவே இவ்வாணை என்று அதன் முன்னுரை கூறுகிறது. உழவுக் கூலியாளுக்கு உணவோடு நாளொன்றுக்கு 25 தினாரியஸ், தச்சனுக்கு 50. சிறுவர்க்கு எழுத்தறிவிக்கும் ஆசிரியர் மாணவன் ஒருவனுக்குத் திங்கள்தோறும் 50 தினாரியஸ் பெறலாம். முடி திருத்துபவர்க்கு ஆளொன்றுக்கு 2 தினாரியஸ். ஒரு பவுண்டு பன்றி இறைச்சி 12 தினாரியஸ். இவ்வாறு அரண்மனையிலிருந்து அங்காடி வரை அரசனின் கை நீண்டது. வரம்பை மீறி விற்பவனுக்கும், உடன்பட்டு வாங்குபவனுக்கும், பொருளைப் பதுக்குபவனுக்கும் தண்டனை ஒன்றே, அது மரணம்.

அதன் பயன் யாது? அக்காலத்தில் வாழ்ந்த லாக்டான்ஷியஸ் என்னும் கிறித்தவ அறிஞர் அதனை எழுதிவைத்துள்ளார். அற்பப் பொருள்களின் பொருட்டுக் குருதி சிந்தப்பட்டது. அச்சத்தால் பொருள்கள் அங்காடியை விட்டு மறைந்தன. விலை முன்னினும் உயர்ந்தது. இறுதியில் ஆணை தானே வழக்கொழிந்தது. அவர் டயோக்ளீஷியனைப் பகைவனாகக் கருதியவர். ஆதலால் சற்று மிகைப்படுத்தியிருக்கவும் கூடும். எனினும் ஆணை நிலைக்கவில்லை என்பது உண்மை. காசின் எடையை அரசன் ஆணையிட்டு அமைக்கலாம். அதன்மீது மக்கள் கொள்ளும் நம்பிக்கையை ஆணையிட்டுப் பெறல் இயலாது.

மாறாத களங்கம்

டயோக்ளீஷியனின் வாழ்வில் மறைக்க இயலாத களங்கமும் உண்டு. கி.பி. 303-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நிக்கோமீடியாவில் இருந்த கிறித்தவக் கோயில் அவன் ஆணையால் இடிக்கப்பட்டது. மறைநூல்கள் எரிக்கப்பட்டன, குருமார் சிறையிடப்பட்டனர், தெய்வங்களுக்குப் பலியிட மறுத்தோர் பலர் உயிரிழந்தனர். பழைய தெய்வ வழிபாட்டால் நாட்டை ஒன்றுபடுத்தலாம் என்று அவன் கருதினான். ஆனால் விலையைப் போலவே மனமும் வாளுக்கு அடங்கவில்லை. கலேரியஸே கி.பி. 311-இல், தன் இறுதி நாட்களில், அக்கொடுமையை நிறுத்தி ஆணையிட்டான்.

முடி துறந்த வேந்தன்

நோயால் நலிந்த டயோக்ளீஷியன், உரோமப் பேரரசர் எவரும் அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தான். கி.பி. 305-ஆம் ஆண்டு மே முதல் நாள், தான் பட்டம் பெற்ற நிக்கோமீடியாப் புறநகரிலேயே படைவீரரைக் கூட்டி, தனக்கு முதுமையும் தளர்ச்சியும் வந்துற்றன, இனி வலியோர் ஆளட்டும் என்று கூறி, அரச ஆடையைத் தானே களைந்தான். அதே நாளில் மாக்சிமியனும் மிலான் நகரில் முடி துறந்தான். டயோக்ளீஷியன் பிறந்த நாட்டுக்குத் திரும்பி, கடற்கரையில் தான் எழுப்பியிருந்த மாளிகையில் வாழ்ந்தான். அம்மாளிகையைச் சுற்றியே ஸ்பிளிட் என்னும் நகரம் வளர்ந்தது.

அவன் வகுத்த நால்வர் ஆட்சி அவன் கண்முன்னரே குலைந்தது. பட்டத்துக்குப் போட்டி மூண்டது. கி.பி. 308-இல் பழைய தோழர்கள் மீண்டும் ஆட்சியை ஏற்குமாறு அவனை வேண்டினர். தன் கையால் நட்டு வளர்த்த முட்டைக்கோசுகளை அவர்கள் கண்டால் இவ்வாறு கேட்கமாட்டார்கள் என்று அவன் விடையிறுத்தான் என்பர். கி.பி. 311-க்கும் 313-க்கும் இடையே அவன் மறைந்தான். அவனுக்கென எழுப்பிய கல்லறை மண்டபம் பின்னர்க் கிறித்தவப் பெருங்கோயிலாயிற்று. அவன் ஆட்சியில் உயிர்நீத்த சலோனா நகர ஆயர் டோம்னியஸின் பெயரையே அக்கோயில் இன்றும் தாங்கி நிற்கிறது.

பின்வந்த கான்ஸ்டன்டைன் ஒரு பவுண்டு பொன்னில் 72 காசுகள் என்னும் அளவில் சாலிடஸ் என்னும் பொற்காசை வெளியிட்டான். அவ்வளவையும் தூய்மையையும் பின்வந்தோர் பல நூற்றாண்டுகள் குறைக்காமல் காத்தனர். எனவே அது நாடு கடந்தும் மதிப்புப் பெற்றது. டயோக்ளீஷியன் தொடங்கிய முயற்சி, நெடுங்காலம் வாக்குத் தவறாமை என்னும் துணை பெற்றபோதே நிறைவெய்தியது.

இன்று அருங்காட்சியகத்தில் அவனது வெள்ளிக் காசு ஒன்றைக் காண்போமாயின், அதிலுள்ள நால்வரையும் மதிலையும் மட்டும் நோக்கி அமைதல் ஆகாது. அச்சிறு வட்டத்துக்குள் ஓர் அரசு தன் குடிகளுக்குக் கொடுத்த வாக்கு அடங்கியுள்ளது. ஒருநாள் பொய்த்த வாக்கை மீட்பதற்கு ஒரு பேரரசன் தன் ஆட்சிக்காலம் முழுதும் உழைத்தும் முற்றும் வெற்றி பெறவில்லை. நாணயத்தை இழத்தல் எளிது, ஈட்டுதல் அரிது. காசுக்கும் மனிதர்க்கும் ஒருங்கே பொருந்தும் உண்மை இது.